டிடி காட்டும் எண்ணை நம்பி டேட்டாபேஸை ஏற்றாதீர்கள்

புது சர்வர் கைக்கு வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, டேட்டாவை நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையில் ஒரு ஜிபி பூஜ்யங்களை எழுதிப் பார்ப்பது. செகண்டுக்கு ஒன்றரை ஜிபி என்று கூட வரும். அது டிஸ்க்கின் வேகமே இல்லை, ரேமின் வேகம். வந்த டேட்டாவை லினக்ஸ் ரேமில் உள்ள பேஜ் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாச்சு என்று சொல்லிவிடுகிறது. டைரக்ட் ஆப்ஷன் கொடுத்து கேஷைத் தாண்டினாலும் கிடைப்பது வரிசையாக எழுதும் வேகம்தான். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸோ, ரேமில் மாறியதை டிஸ்க்குக்கு அனுப்பும் செக்பாயின்ட் நேரத்தில் 8 கேபி பக்கங்களாக டிஸ்க் முழுக்கச் சிதறி எழுதும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சமீபத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு பில்லிங் டேட்டாபேஸுக்காக நாலு 4 டிபி டிஸ்க் வந்தது. பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா தப்பும்படி வைப்பதுதான் ரெய்டு. தொலைந்ததை மீட்க உதவும் பாரிட்டி என்ற கணக்கை வைக்கும் ரெய்டு 5 போட்டால் 12 டிபி, எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் ரெய்டு 10 போட்டால் 8 டிபி. "நாலு டிபி வீணாப் போகுதேப்பா" என்றார் மேனேஜர். அவருக்கு நான் பேப்பரில் போட்டுக் காட்டிய கணக்கு இது. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். தேடும் இடம், படித்து எழுதும் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர இன்னொரு 8, 9. ஆக, ஒரு டிஸ்க் செகண்டுக்குச் சுமார் 75 வேலைதான் செய்யும். நாலுக்கும் சேர்த்து 300. ரெய்டு 5-இல் ஒரு சின்ன ரைட்டுக்குப் பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, இரண்டையும் புதிதாக எழுது என்று நாலு வேலை. 300-ஐ நாலால் வகுத்தால் திரும்பவும் 75. நாலு டிஸ்க் வாங்கி ஒரு டிஸ்க்கின் வேகம்! ரெய்டு 10-இல் இரண்டே வேலை, அதனால் 150. அவர் அந்தப் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, 10-ஏ போடு என்றார்.

கணக்கு தோராயம்தான். அளந்து பார்க்க எஃப்ஐஓ (fio) என்ற சோதனைக் கருவி இருக்கிறது. அதில் கொடுக்க வேண்டியது ரேண்டம் ரைட் (சிதறி எழுதுவது), பிளாக் சைஸ் 8 கேபி, டைரக்ட் 1, கூடவே டிஸ்க்கில் நிஜமாக எழுதி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் எஃப்சிங்க். சோதனை ஃபைல் நூறு ஜிபியாவது இருக்கட்டும். சின்ன ஃபைல் என்றால் ஹெட் அதிகம் நகராமல் நல்ல எண்ணாகக் காட்டிவிடும். தொடங்கும் முன், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் (/proc/mdstat) பாருங்கள். டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும் முதல் ரீசிங்க் ஓடிக்கொண்டிருந்தால் அளப்பதில் அர்த்தமில்லை. ரிசல்ட்டில் எல்லோரும் ஐஆப்ஸை, அதாவது செகண்டுக்கு எத்தனை வேலை என்பதைப் பார்ப்பார்கள். நான் கீழே இறங்கி 99-ஆவது பெர்சென்டைல் லேட்டன்சியை, அதாவது நூறில் 99 ரைட் எத்தனை நேரத்துக்குள் முடிகிறது என்பதைப் பார்ப்பேன். சராசரி 20 மில்லிசெகண்ட் இருக்கும்போதே அந்த வரியில் 400 நிற்கலாம். கவுண்டரில் பில் போடுபவர் திரையைப் பார்த்துக் காத்திருப்பது அந்த 400-க்காகத்தான்.

ரெய்டு 5-ஐ விட முடியாதவர்கள், எழுத வேண்டியதை ரேமில் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரைப் கேஷை 256-இலிருந்து 4096 ஆக்கலாம். நாலு டிஸ்க்குக்கு 64 எம்பி ரேம் எடுக்கும். பெரிய ஃபைல்களை வரிசையாக எழுதும்போது நல்ல பலன் உண்டு. ரேண்டம் ரைட்டுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தது என்று குறித்துவைக்கும் ரைட் இன்டென்ட் பிட்மேப்பை மட்டும் வேகத்துக்காக எடுத்துவிடாதீர்கள். அது இல்லாமல் கரண்ட் போனால் 4 டிபியும் முதலிலிருந்து ரீசிங்க் ஆகும், ஏழெட்டு மணி நேரம். பிட்மேப் சங்க்கை, அதாவது ஒரு குறி காட்டும் பகுதியின் அளவைப் பெரிதாக்கினாலே சுமை குறையும்.

டெபியனில் பல காலமாக மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை 12:57-க்கு (சனி நள்ளிரவு தாண்டி), எல்லா டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் ரெய்டு செக் தானாக ஓடும்படி, நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானில் வைத்திருந்தார்கள். அந்த நேரம் டேட்டாபேஸ் தள்ளாடினால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதை நிறுத்த வேண்டாம். டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர் இருந்தால், இன்னொரு டிஸ்க் சாகும் முன்பே காட்டிக்கொடுப்பது அந்த செக்தான். செக்குக்கும் பொருந்தும் ரீசிங்கின் அதிகபட்ச வேகம் இயல்பாக செகண்டுக்கு 200000 கேபி. அதை 50000-க்கு இறக்கிவிட்டால் செக் மெதுவாக முடியும், பில்லும் நிற்காமல் போகும்.