மூன்றரை ஆள் கணக்கு

நான் அட்மின் பிரிவுக்கு மாற்றப்பட்ட முதல் மாதம், ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு யாருக்கும் சொல்லாமல் கம்பெனிக்குப் போனேன். கோவைப் பக்கம் பம்ப்செட் மோட்டார் செய்யும் ஆலை. பின்பக்க கேட்டில் செக்யூரிட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன், எழவில்லை. இறங்கிப் போய்க் கேட்டைத் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தவர் முதலில் ஒரு சல்யூட் அடித்தார், அப்புறம்தான் தொப்பியைத் தேடினார்.

காலையில் ஏஜென்சிக்குப் போன் போட்டு, இந்த ஆள் இனி எங்கள் கேட்டில் நிற்கக் கூடாது என்றேன். மதியத்துக்குள் வேறு ஆள் வந்துவிட்டார். பரவாயில்லையே, சுறுசுறுப்பான ஏஜென்சிதான் என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து, அதே ரோட்டில் ஒரு குடோன் வாசலில் அதே மனிதர் அதே சட்டையோடு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே ஒரு சல்யூட்.

வண்டியை ஓரங்கட்டினேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தேனிப் பக்கத்துக்காரர். ஏண்ணே அன்னைக்கு அப்படித் தூங்கினீங்க என்று கேட்டேன். “தூங்குனது தப்புதான் சார். மொத நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஏறுன டியூட்டி. மாத்த வேண்டிய பையன் ஊருக்குப் போயிட்டான். ரிலீவர் வர்றாரு, வர்றாருன்னு ஃபீல்டு ஆபீசர் சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார். கணக்குப் போட்டால் நான் கேட்டைத் தட்டியபோது அவர் முப்பது மணி நேரத்தைத் தாண்டியிருந்தார்.

அன்று மாலையே கேட் ரெஜிஸ்டரையும் ஏஜென்சி பில்லோடு வந்த மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்களுக்கு மூன்று போஸ்ட், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஆக ஆறு பேர். மாதத்துக்கு 180 டியூட்டி. அதில் 41 டியூட்டி, ஏற்கெனவே ஒரு ஷிஃப்ட் முடித்த ஆளே அடுத்த ஷிஃப்டுக்கும் நின்றது. மஸ்டர் ரோலில் அந்த இடங்களில் வேறு பெயர்கள் இருந்தன. எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் அசரவில்லை. “போஸ்ட் காலியா இருந்துச்சா சார்? இல்லையே!” என்றார். எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எந்த ஆள், எத்தனை மணி நேரமாக என்று ஒரு வரி இல்லை.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்றால், ஒரு போஸ்டுக்கு மூன்றரை ஆள் வேண்டும். நாங்கள் பணம் கொடுத்தது இரண்டு ஆளுக்கு. வார விடுப்பு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எதற்கும் இடமில்லாத கணக்கு அது. அதைப் போட்டது ஏஜென்சி அல்ல, எங்கள் பர்ச்சேஸ். நாலு கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தாமிரக் கம்பி வாங்கும்போது பர்ச்சேஸ் இப்படிச் செய்யாது. சந்தை விலையைவிடக் குறைத்து ஒருவன் தாமிரம் கொடுத்தால் முதலில் சந்தேகம்தான் வரும். ஆள் விஷயத்தில் மட்டும் அந்தச் சந்தேகம் ஏனோ வருவதில்லை.

சம்பளம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்.-க்கு நிர்வாகத்தின் பங்கு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13. ஈ.எஸ்.ஐ. 3.25. குறைந்தபட்ச போனஸ் 8.33. இதிலேயே 124 ரூபாய் 58 காசு ஆகிவிட்டது. யூனிஃபார்ம், ஷூ, விடுப்புச் சம்பளம், ரிலீவர் செலவு, ஏஜென்சியின் லாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. எங்களுக்கு வந்த குறைந்த கொட்டேஷன் நூற்றுக்கு 116. மீதியை அவர் தன் சொத்தை விற்றா கொடுப்பார்? போதாக்குறைக்கு, ஏப்ரல் தோறும் அரசு பஞ்சப்படியைத் திருத்தும். எங்கள் ஒப்பந்தமோ இரண்டு வருடத்துக்கு ஒரே ரேட்.

இதையெல்லாம் எழுதி மேலே அனுப்பி, ரேட்டைத் திருத்தி, எட்டு மணி நேர ஷிஃப்டாக மாற்ற ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதக் கதை எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான், விட்டுவிடலாம்.

அதற்குள் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். தரத்தை உயர்த்துகிறேன் என்று அபராதம் கொண்டுவந்தேன். தூங்கினால் 500, தொப்பி இல்லாவிட்டால் 100, பில்லில் பிடித்துக்கொள்வோம் என்று கடிதம் கொடுத்தேன். ஏஜென்சி ஒரு வார்த்தை மறுக்காமல் ஒப்புக்கொண்டது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு செக்யூரிட்டி கார்டு தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்து சம்பளச் சீட்டைக் காட்டினார். நாங்கள் பில்லில் பிடித்தது 500. அவர் சம்பளத்தில் ஏஜென்சி பிடித்தது 1,000. என் கண்டிப்பில் அவர்கள் லாபம் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதமே அந்தக் கடிதத்தை ரத்து செய்தேன். புதிய ஒப்பந்தத்தில் அபராதம் ஏஜென்சியின் கையில் இருக்கும் விஷயங்களுக்கு மட்டும்: போஸ்ட் காலி, தொடர் டியூட்டி, ஏழாம் தேதிக்குள் சம்பளம் ஏறாதது, ஃபீல்டு ஆபீசர் இரவில் வந்து கையெழுத்துப் போடாதது. அதுவும் சர்வீஸ் சார்ஜில்தான் பிடிப்போம், சம்பளத்தில் கை வைக்க முடியாது.

பி.எஃப். விஷயத்தில் நான் ஏமாந்தது இன்னொரு விதம். மாதாமாதம் பில்லோடு சலான் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பெரிய தொகை, எல்லாம் அசல். ஆனால் அது ஏஜென்சியின் எல்லா சைட்டுக்கும் சேர்த்துக் கட்டிய மொத்தச் சலான். அதில் எங்கள் ஆறு பேர் இருக்கிறார்களா என்று சலானைப் பார்த்தால் தெரியாது, பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியல் கேட்டேன், வரவில்லை. சரி என்று ஒரு மதியம் கேன்டீனில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, அவர்கள் போனிலேயே யூ.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைத் திறந்தோம். இரண்டு பேருக்கு ஐந்து மாதமாக ஒரு பைசா ஏறவில்லை. அந்த 13 சதவீதத்தை எங்களிடம் மாதம் தவறாமல் வாங்கியிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னதை எங்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு எடுத்துக்காட்டிய பிறகுதான் அவரும் என் பக்கம் சாய்ந்தார். அது முதல் பெயர்ப் பட்டியல் இல்லாத பில்லை அவரே திருப்பி அனுப்புகிறார்.

பயிற்சியும் ஏறக்குறைய அப்படித்தான். 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் கார்டுக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள் என்கின்றன. ராணுவத்திலோ போலீசிலோ இருந்தவர்களுக்கு அது குறையும். எங்களுக்கு வந்த ஒடிசாப் பையன் ஒருவனின் சான்றிதழில் பயிற்சி முடிந்ததாகப் போட்டிருந்த தேதியன்று அவன் ரயிலில் இருந்தான். டிக்கெட் இன்னும் பர்ஸில் இருந்தது, பாவம், அவனே எடுத்துக் காட்டினான். அவனைத் திருப்பி அனுப்பி என்ன பயன்? அடுத்து வருபவரும் அதே சான்றிதழோடுதான் வருவார். மூன்று நாள் எங்களோடு வைத்து நாங்களே சொல்லிக்கொடுத்தோம். எடைமேடையில் காலி லாரியின் எடையை எப்படிக் குறிப்பது, டெலிவரி சலானில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது, தீயணைப்பானின் பின்னை எப்படிப் பிடுங்குவது. போஸ்டில் ஒட்டியிருந்த விதிமுறைகள் ஆங்கிலத்தில் இருந்தன. யார் படிக்க ஒட்டினோமோ! தமிழிலும் இந்தியிலும் மாற்றினோம்.

பின்பக்க கேட்டுக்குக் கழிப்பறை இல்லை என்பது ஆறு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. போஸ்டை விட்டுப் போனார் என்று பதிவான புகார்களை எடுத்துப் பார்த்தால் பாதி அதற்காகத்தான். தண்ணீரே குடிக்காமல் ஷிஃப்டை ஓட்டியவர்களும் உண்டு. ஒரு கழிப்பறை, ஒரு மின்விசிறி, மழைச்சாரல் படாத தகரக் கூரை. ஒரு மாத பில்லைவிடக் குறைந்த செலவில் முடிந்தது.

ரோந்துக்குக் கருவி வாங்கிய கதை வேறு. சுவரில் பன்னிரண்டு இடத்தில் டேக் ஒட்டி, கார்டு ஒவ்வொன்றையும் கருவியால் தொட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. முதல் மாத ரிப்போர்ட் நூற்றுக்கு நூறு. அப்புறம்தான் தெரிந்தது, யாரோ நான்கு டேக்கைப் பெயர்த்துக் கேபின் மேஜைக்கடியில் ஒட்டியிருந்தார்கள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த நான்கும் ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் விளக்கில்லாத, பாம்பு நடமாடும் மூலையில் இருந்தவை. புதரை வெட்டி விளக்குப் போட்டதும் டேக்குகள் சுவருக்குத் திரும்பின.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது கார் டிக்கியைத் திறக்கச் சொல்வது. கேட்டைத் தாண்டும் எல்லா வண்டியையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. புதிதாக வந்த ஒருவர் விதியை நம்பி, சீனியர் மேனேஜர் ஒருவரின் காரை நிறுத்திவிட்டார். “நான் யாருன்னு தெரியுமா?” என்ற கேள்வியோடு அன்று மாலையே அவரை மாற்றச் சொல்லி எனக்கு மெயில் வந்தது. அந்த ஒருவரை மாற்றினால் மற்ற கார்டுகள் ஒரு காரையும் தொட மாட்டார்கள், அப்புறம் வைண்டிங் செக்‌ஷன் தாமிரம் எந்த வழியாகப் போனாலும் கேட்க ஆளிருக்காது. எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, ஷிஃப்ட் மாறும் கூட்டத்துக்கு நடுவே கேட்டில் காரை நிறுத்தி, தானே இறங்கி டிக்கியைத் திறந்துவிட்டு நின்றார்.

தேனிக்காரரைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். “இங்க வேப்பமரம் இருக்கு சார்” என்று சிரித்துவிட்டார்.

போன மாதம் இரவு ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. பின்பக்க கேட் கார்டு, அன்னூர்க்காரர். “சார், யார்டு மூலையில லைட்டு அணைஞ்சு போச்சுங்க. எலக்ட்ரீஷியன் போனை எடுக்க மாட்டேங்கறாருங்க.”

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“சரிங்க சார். தகவல் சொல்லியாச்சு, காலைல பாக்கறேன்னுட்டாங்கன்னு உங்க பேரைப் போட்டு ரெஜிஸ்டர்ல எழுதிக்கட்டுங்களா?”

எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஐந்து நிமிடம் புரண்டு பார்த்தேன். அப்புறம் எழுந்து எலக்ட்ரீஷியனுக்கு நானே போன் போட்டேன்.