செந்நாய் நடந்த வழி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினால் வலப்பக்கத்து ஜன்னலோரம்தான் உட்காருவேன். நாங்குநேரி தாண்டினால் மலை கூடவே வர ஆரம்பித்துவிடும். ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் வரும்வரை கண்ணை எடுக்க மனசு வராது.

பொங்கல் கழிந்த வாரம் போனபோது, நாங்குநேரியில் பஸ் நின்ற அந்த இரண்டு நிமிஷமும் ஒரு மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1945-இல் பிறந்தது இந்த ஊரில்தான். சிவகாசியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் நடந்தார். விலங்கின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டித் தேடும் வசதியெல்லாம் அவருக்கு இல்லை. மான் அலறும் சத்தம், காக்கை கூடும் இடம், வழியில் கிடக்கும் எச்சம், இவற்றை வைத்தே தேடினார். 2024 ஜூனில் காலமானார். நம் பக்கத்து மனிதர் ஒருவர் செய்த வேலை இது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அவர் பெயர் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் செந்நாய் என்றால் முதலில் தாத்தாவின் கதைதான். அது மூத்திரத்தை வாலில் தோய்த்து மிளாவின், அதாவது கடமானின், கண்ணில் அடிக்குமாம். கண் தெரியாமல் ஓடும் மிளாவை உயிரோடே தின்னுமாம். பாதி கட்டுக்கதை. மறுபாதி உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. பன்னிரண்டிலிருந்து இருபது கிலோ எடையுள்ள பிராணி அது. ஒரு கிடா மிளா இருநூறு கிலோவுக்கு மேலும் போகும். புலியைப்போலக் கழுத்தைக் கவ்வி மூச்சை நிறுத்தச் செந்நாய்க்குப் பலம் கிடையாது. கூட்டமாகத் துரத்தி, ஓடும்போதே கிழித்துத்தான் வீழ்த்த வேண்டும். பார்க்கச் சகிக்காத அந்தக் காட்சிதான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாயைக் கொன்றால் கையில் காசு கொடுத்தார்கள். அதே செந்நாய் இரை தின்றதும் குட்டிகள் இருக்கும் பொந்துக்கு ஓடிவந்து, வயிற்றிலிருக்கும் கறியைக் கக்கிக் கொடுக்கும். பெற்ற தாய்க்கு மட்டுமுள்ள கடமை இல்லை இது. கூட்டத்தில் உள்ள மற்றதுகளும் கொடுக்கும். குட்டிக்குக் காவல் இருந்த நாய்க்கும் பங்கு உண்டு. தாத்தாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நான் போனது கீரிப்பாறைக்கு. வடசேரியிலிருந்து இறச்சகுளம், தெரிசனங்கோப்பு, தடிக்காரன்கோணம் என்று வயலும் தென்னையும் குறைந்து ரப்பர் கூடிக்கொண்டே போகும் ரோடு. ஊனுண்ணிகள் என்ன தின்கின்றன என்று ஆராயும் மாணவி ஒருத்தி அங்கே தங்கியிருந்தாள். என் சிநேகிதனின் மகள். அனுமதிக் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்து வாங்கி வைத்திருந்தாள். வழிகாட்ட ஒரு காணிக்காரர், இந்த மலையின் பழங்குடி. அவளுக்கு அவர் ‘மாமா’, எனக்கு வழித்துணை, அவருக்கு நான் ‘சாரே’.

விடியுமுன்னே கிளம்பினோம். தோட்டத்துக்குள் ஆங்காங்கே வெளிச்சம் நகர்ந்தது. தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை. காட்டு விலங்குகளும் நடமாடுகிற நேரம் அது. கட்டன் சாயா ஆற்றிக் கொடுத்த பால்வெட்டுக்காரர் ஒருவர், 2023-இல் சிற்றாறு பக்கம் ஆடு மாடுகளை அடித்த புலியைப் பற்றிச் சொன்னார். மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும் வரை அங்கே சொந்தக்காரர் வீட்டில் யாரும் வெளிச்சம் வராமல் கத்தி எடுக்கவில்லையாம். “புலி வேண்டாம்னு சொல்லல்ல சாரே. ஆனா எங்க கூலிய ஆரு தருவா?” என்று கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்காகவே எனக்கு அவளை மிகவும் பிடித்தது.

கன்னியாகுமரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடல். இந்த மாவட்டத்தில் 2008-இல் அறிவித்த வன உயிரினச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டப் பரப்பில் கால்வாசிக்குக் கிட்டே. கிழக்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மேற்கே கேரளத்து நெய்யாறு சரணாலயம். மூன்றும் ஒரே காடு, கோடு நாம் போட்டது. வடக்கே செங்கோட்டைக் கணவாய் குறுக்கே வருவதால், இந்த அகத்தியமலைப் பகுதி தனித்து நிற்கிறது. இங்கே ஒரு விலங்கு அற்றுப்போனால் வெளியிலிருந்து இன்னொன்று வந்து சேருவது லேசு இல்லை.

ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். இரண்டு ஒற்றையடிப் பாதைகள் கூடும் இடத்தில் காணிக்காரர் நின்றார்.

“மக்களே, இஞ்ச பாரு. ரெண்டு நாள் பழசு.”

ஒரு முறம் அளவு இடத்தில் பத்துப் பன்னிரண்டு எச்சங்கள். சிலது வெளுத்து உதிர்ந்தது, சிலது கறுத்துப் பளபளப்பாக. செந்நாய்கள் பாதை கூடும் இடங்களில் கூட்டமாக வந்து கழிக்கும் வழக்கம் உள்ளவை. கூட்டத்துக்குள்ளும் அடுத்த கூட்டத்துக்கும் அது ஒரு சேதி. அவள் கையுறை போட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக் கவரில் இட்டு, தேதியும் இடமும் எழுதினாள். பழசில் முடி கிடைக்கும். புதுசில், மேல்பூச்சில் ஒட்டியிருக்கும் குடல் அணுக்களிலிருந்து மரபணுவே எடுக்கலாம். மழை வந்தால் எல்லாம் கரைந்துபோகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அவளுக்கு வருஷத்தில் கிடைக்கும் நாள் கொஞ்சம்தான்.

மத்தியானம் தங்கும் வீட்டு முற்றத்தில் அந்த வேலையின் மிச்சத்தைப் பார்த்தேன். முன்பு எடுத்துக் காயவைத்த எச்சத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசினாள். மண்ணும் சாறும் போனபின் சல்லடையில் தங்கியது ஒரு பிடி முடி, இரண்டு எலும்புத் துண்டு, நகம்போலக் கறுத்த ஒரு சின்னக் குளம்பு. மிளாக் கன்று. முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மேலே செதில் அடுக்கும் உள்ளே நடுத்தண்டும் தெரியும். மிளாவுக்கு ஒரு மாதிரி, கேளையாடு என்கிற சின்ன மானுக்கு ஒரு மாதிரி, காட்டுப்பன்றிக்கு வேறு. நான் குனிந்து பார்த்தேன். ஒரு முடிக்குள் மீன் செதில் அடுக்கியதுபோல அவ்வளவு நேர்த்தி. ரொம்ப நேரம் நிமிர மனமில்லை. இத்தனை கவரில் ஒன்றிலாவது வீட்டு ஆட்டு முடி இருந்ததா என்றேன். முழுக்க முடித்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள்.

புலியை எண்ணுவது ஒரு விதத்தில் சுலபம். இரண்டு புலிக்கு ஒரே வரி இருக்காது. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு வேறு, அதனால்தான் பாதையின் இருபுறமும் கேமரா கட்டுகிறார்கள். சிறுத்தைக்கும் புள்ளி உண்டு. செந்நாய்க்கு உடம்பெல்லாம் ஒரே செம்மை. நேற்று வந்ததுதான் இன்றும் வந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. உலகத்திலேயே குட்டி போடும் வயதுள்ள செந்நாய்கள் கூடிப்போனால் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இருக்கும் என்கிறார்கள். புலியைவிடக் குறைவு. புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

மறுநாள் காலை ஒரு கேமராவின் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தோம். காற்றில் ஆடிய இலைகள். மிளா ஒன்று, காதை நிமிர்த்தியபடி. பன்றிக் கூட்டம். இரவு பதினொன்றரைக்கு ஒரு வீட்டு நாய், கழுத்தில் கயிறோடு. அவள் முகம் மாறிவிட்டது. வீட்டு நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயும் செந்நாய்க்குத் தொற்றினால் ஒரு கூட்டமே அழிந்துபோகலாம். கீழே இறங்கியதும் யார் வீட்டு நாய் என்று விசாரித்துத் தடுப்பூசிக்குச் சொல்ல வேண்டும் என்றாள்.

அதற்கடுத்த படம் விடியற்காலை ஆறே கால். ஓரத்தில் புதர்போல ஒரு கறுத்த வால் நுனி, அவ்வளவுதான். அடுத்த படம் வெறும் பாதை.

“ஒண்ணு மட்டுந்தானா மாமா?”

“ஒண்ணு எதுக்கு தனியா வருது?” என்றவர் கேமராவுக்குப் பின்னால், ஓடை ஓரம் ஈரமண்ணில் குந்தி உட்கார்ந்தார். நாங்களும் குந்தினோம். ஒரே அளவில் நாலு தடம், ஒன்றன் மேல் ஒன்று ஏறியும் விலகியும். கொஞ்சம் தள்ளி ஐந்தாவது, மற்றதைவிடச் சின்னது. அவர் அதன் பக்கத்தில் பெருவிரலை வைத்துக் காட்டினார். அவள் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள்.