கடலோர வீட்டுக்கு ஓட்டை இல்லாத பொட்டி

ராமநாதபுரம் கடலோரத்துல இருக்கிற யாராவது வீட்டுல கேக்க நல்ல ஸ்பீக்கர் நாமளே செய்யலாமான்னு கேட்டா நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், சீல்டு பாக்ஸ் பண்ணுங்க. அதாவது போர்ட்னு குழாய் எதுவும் வைக்காம முழுசா அடைச்ச பொட்டி. கடையில விக்கிறது பெரும்பாலும் போர்ட் வச்சதுதான், பேஸ் ஜாஸ்தி கேக்கும், வாங்குறவருக்கு உடனே புடிச்சிரும். ஆனா மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டின்னு நம்ம பக்கத்து வீடுகளுக்கு அது சரிவராதுன்னு நான் உறுதியா நம்புறேன். அதுக்கு ரெண்டு காரணம், ஒண்ணு நம்ம ரூம், இன்னொண்ணு நம்ம காத்து.

முதல்ல பொட்டிக் கணக்கு. 1954ல எட்கர் வில்சூர்னு ஒரு அமெரிக்கர் அக்கூஸ்டிக் சஸ்பென்ஷன்னு ஒரு டிசைன் கொண்டு வந்தாரு. சைக்கிள் பம்ப் வாயை விரலால அடைச்சுட்டு அமுக்குனா உள்ள இருக்கிற காத்து திருப்பித் தள்ளும்ல, அதே மாதிரி அடைச்ச பொட்டிக்குள்ள இருக்கிற காத்தையே வூஃபருக்கு, அதாவது பேஸ் பாடுற பெரிய ஸ்பீக்கருக்கு, ஸ்பிரிங்கா வச்சாரு. அதுக்கு முன்னாடி நல்ல பேஸ் வேணும்னா ஆள் உயரத்துக்கு பொட்டி வேணும், இதுக்கு அப்புறம் அலமாரியில வைக்கிற சைஸ்லயே கிடைச்சிச்சு. அப்புறம் ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961லயும், ரிச்சர்ட் ஸ்மால் 70கள் ஆரம்பத்துலயும் எழுதின கட்டுரைகளாலதான் வூஃபரோட தாள்ல போட்டிருக்கிற எண்களை வச்சு பொட்டி அளவை முன்கூட்டியே கணக்கு போட முடியுது. உதாரணத்துக்கு ஒரு வூஃபருக்கு எஃப்எஸ், அதாவது அது தானா அதிர்ற வேகம், 40 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 40 அதிர்வு), க்யூடிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு அடங்குதுங்கிற எண், 0.40, வாஸ், அதோட தொங்கலுக்குச் சமமான காத்தளவு, 20 லிட்டர்னு வச்சுக்குங்க. பொட்டியும் சேந்த மொத்த க்யூ 0.707 வரணும்னா பொட்டி சுமாரா 9.4 லிட்டர், சத்தம் 3 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) இறங்குற இடம் 71 ஹெர்ட்ஸ். அவ்ளோதானான்னு தோணும், இதே வூஃபரை போர்ட் வச்ச பொட்டியில போட்டா 40 சொச்சம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கீழ போகுமேன்னு கேப்பாங்க, போகும், பொய் இல்ல.

ஆனா ரூமையும் சேத்து பாக்கணும். நம்ம ஊரு வீட்டுல ஒரு ரூம்னா பெரும்பாலும் 10க்கு 12, உயரம் 10 அடி, சுத்தி சிமெண்ட் செவரு, மேல கான்கிரீட், கீழ டைல்ஸ். நம்ம வெக்கையில சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 349 மீட்டர் கிட்ட வரும். 12 அடி நீளத்துக்கு முதல் ரெசனன்ஸ், அதாவது ரூமே கூடச் சேந்து அதிர்ற எடம், 48 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 57, உயரமும் 10ங்கிறதால அதுவும் அதே 57. ரெண்டும் ஒரே எடத்துல விழுது. போர்ட் பொட்டி அந்த எடத்துல முழு பலத்தோட பாடும், அதுக்கு மேல ரூமும் ஏத்திக் குடுக்கும், தவில் அடிச்சா ஒவ்வொரு அடியும் தனியா விழாம ஒரே இழுவையா கும்முனு நிக்கும், எத்தனையோ வீட்டுல கேக்குறது இதைத்தான். மேல சொன்ன சீல்டு பொட்டி 57ல தானாவே சுமார் 5 டிபி கம்மியா இருக்கும், ரூம் ஏத்துறதும் பொட்டி இறக்குறதும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும். அதுக்கும் கீழ சீல்டு பொட்டி ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு தடவைக்கும், 12 டிபின்னு மெதுவாத்தான் இறங்கும், கதவு ஜன்னல் சாத்தியிருந்தா சின்ன ரூம் அந்த எடத்துல கொஞ்சம் தாங்கிப் புடிக்கும், தொறந்திருந்தா அவ்வளவு தாங்காது. சத்தம் எவ்வளவு தூரம் கூட்டலாம்ங்கிறதுல போர்ட் பொட்டிதான் ஜெயிக்கும், அது உண்மை. ஆனா திருவிழாவுக்கு மைக் செட்காரங்க இருக்காங்க, வீட்டுக்கு அவ்வளவு வேணாம்.

இப்ப காத்துக்கு வரேன். உப்புக் காத்துல ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஸ்பீக்கர்ல காந்தத்தோட இரும்புத் தட்டுக்கும், கோன்ங்கிற கூம்பை ஆட்டுற கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அந்த சந்துல துரு பூத்தா காயில் உரசும், உரசுனா வூஃபர் போச்சு. போர்ட் இருந்தா கோன் ஆடுறப்பல்லாம் வெளிக் காத்து உள்ள போயி வருது, உப்பையும் ஈரத்தையும் நாமளே காந்தத்துக்கு ஊட்டுற கணக்கு. அடைச்ச பொட்டியில காந்தம், கோனோட பின்பக்கம், பேஸையும் கீச்சுச் சத்தத்தையும் பிரிச்சு அனுப்புற கிராஸ்ஓவர் எல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். முன்பக்கம் தப்பிக்க முடியாது, அதனால வூஃபர் வாங்குறப்பவே இரும்பு பிரேம் வேணாம், அலுமினியம் காஸ்டிங் பாருங்க, கோனைச் சுத்தி இருக்கிற வளையம், அதான் சரவுண்ட், ஃபோமா இருந்தா இந்த ஈரத்துல சீக்கிரம் உதிந்துரும், ரப்பர் சரவுண்ட் எடுங்க, கோன் பாலிப்ரோப்பிலீனா இல்ல கோட்டிங் அடிச்ச பேப்பரா இருக்கட்டும்.

மரத்துக்கு எம்டிஎஃப், அதாவது மரநாரை அமுக்கிச் செய்யிற பலகை, எடுக்கவே எடுக்காதீங்க, ஈரம் ஏறுனா ஓரம் உப்பிரும். 18 எம்எம் மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பாத்து வாங்குங்க. உள்ள ஒரு குறுக்குப் பலகை கண்டிப்பா வேணும். எனக்கு பொட்டி அடிச்சுக் குடுக்கிற ஆசாரி, "ஏன் தம்பி, எல்லாரும் ஓட்டை போடச் சொல்லுவாங்க, நீ இருக்கிற சந்தைக் கூட அடைக்கச் சொல்றியே"ன்னு கேட்டாரு, "உப்புக் காத்து உள்ள போகக் கூடாதுண்ணே"ன்னு சொன்னதும் மறுபேச்சே இல்ல, மூலை மூலைக்கு பசை வச்சு இறுக்கிட்டாரு. அதுக்கு மேல உள் மூலையில எல்லாம் பைபர் போட் வேலை செய்யிறவங்ககிட்ட குடுத்து ரெசினும் கண்ணாடி நார் மேட்டும் போட்டுக்கிறேன், காத்தும் போகாது, பலகையும் அதிராது. இந்த வசதி கடல் இல்லாத நகரத்துக்காரங்களுக்கு லேசுல கிடைக்காது, நம்ம கரையில தெருவுக்குத் தெரு இருக்கு. ரெசின் வாடை சுத்தமா போற வரைக்கும் வூஃபரை மாட்டாதீங்க. உள்ள திணிக்க இலவம்பஞ்சு கைக்குக் கிடைக்கும், ஆனா ஈரம் வாங்கும் பூச்சியும் வரும், தலகாணிக்குப் போடுற பாலியஸ்டர் பஞ்சு போதும்.

கிராஸ்ஓவர்தான் ஸ்பீக்கரோட உசுரு, காசை அங்க போடுங்க. கனடா நேஷனல் ரிசர்ச் கவுன்சில்ல ஃப்ளாய்ட் டூல் ஸ்பீக்கரை மறைச்சு வச்சு ஆட்களைக் கேக்க வச்சு பாத்ததுல, நேரா சமமாவும் பக்கவாட்டுல பிசிறில்லாமலும் பாடுறதைத்தான் பெரும்பாலானவங்க புடிச்சிருக்குன்னு சொன்னாங்க. வெறும் செவரும் டைல்ஸுமா இருக்கிற நம்ம ரூமுல பக்கவாட்டுச் சத்தம் அப்படியே எதிரொலிச்சு காதுக்கு வருது, அதனால இது நமக்கு ரொம்பவே முக்கியம். ஆறரை இஞ்ச் வூஃபர் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல டார்ச் வெளிச்சம் மாதிரி குறுகிரும், அதுக்குள்ள கீச்சுச் சத்தம் பாடுற ட்வீட்டர்கிட்ட குடுத்துடணும். லிங்க்விட்ஸ்-ரைலி நாலாம் ஆர்டர்ங்கிற கிராஸ்ஓவர் வகை போட்டா, ட்வீட்டர் ஒயரை பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்து அளந்தா ரெண்டும் கைமாறுற எடத்துல ஆழமா ஒரு பள்ளம் வரணும், வந்தா ரெண்டும் சரியா சேருதுன்னு அர்த்தம். கெப்பாசிட்டர் பாலிப்ரோப்பிலீன்ல வாங்குங்க, எலக்ட்ரோலிட்டிக் நம்ம வெக்கையில காஞ்சுரும்.

பேஸை ரூமுக்குள்ள அளந்தா ரூமோட சேட்டையும் சேந்து வரும், வெட்டவெளி வேணும். நான் கருவாடு காயப் போடுற சிமெண்ட் களத்துல அனுமதி கேட்டு அளக்குறேன், ஸ்பீக்கரை தரையிலயே படுக்க வச்சு, மைக்கையும் தரையோட ஒட்டி வச்சு. தரை எதிரொலி தனியா வராம நேர் சத்தத்தோடவே சேந்துரும், 6 டிபி கூடுதலா காட்டும், அதைக் கழிச்சுக்கணும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல இது நடக்காது, மைக்குல காத்துதான் கேக்கும், காத்து விழுந்த விடியக்காலமா பாத்து போகணும்.

அளந்து முடிச்ச பிறகு காதால கேக்க நான் வைக்கிறது பேச்சுக் குரல்தான். இலங்கை வானொலி கேட்டு வளந்த கரை இது, நல்ல அறிவிப்பாளர் குரல் எப்படி இருக்கும்னு இங்க பெரியவங்களுக்கு சொல்லியே தர வேணாம். ஃபேனை நிறுத்திட்டு ஒரு ஆம்பளைக் குரலை மோனோல ஒரே ஸ்பீக்கர்ல போடுங்க, பொட்டிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேட்டா பலகை அதிருது, இன்னொரு குறுக்குப் பலகை கேக்குதுன்னு அர்த்தம். பொட்டி அளவு, கிராஸ்ஓவர் மதிப்பு வேணும்ங்கிறவங்க வூஃபர் பேரையும் ரூம் நீள அகல உயரத்தையும் சேத்து சொல்லுங்க, ரூம் தெரியாம நான் கணக்கு போட்டுத் தரமாட்டேன்.