போனுக்குக் கிடைக்கிறது, லேப்டாப்புக்குக் கிடைக்கவில்லை

வைஃபை இணைந்துவிட்டது, சிக்னலும் முழுசாக இருக்கிறது, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று லேப்டாப் அடம்பிடித்தது. அதே அறையில் போன், டிவி எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. லேப்டாப்தான் போச்சு என்பது வீட்டாரின் ஒருமித்த தீர்ப்பு.

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்துப் பார்த்தேன். நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு இருக்கும் எண்ணை, அதாவது ஐபி முகவரியை, காட்டும் கட்டளை அது. 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தது. அது ரவுட்டர் கொடுத்த எண்ணே அல்ல. முகவரி கேட்டுக் கேட்டு பதில் வராமல் போனால் விண்டோஸ் தனக்குத் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது இந்த வரிசையில்தான் இருக்கும். பாஸ்வேர்டில் தப்பு இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அதைச் சரிபார்த்த பிறகுதான் முகவரி கேட்கும் கட்டமே வரும். இணைய லைனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளியே கேபிள் அறுந்தே கிடந்தாலும் வீட்டுக்குள் முகவரி கொடுப்பது ரவுட்டரின் வேலை.

அந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி. "எனக்கொரு முகவரி வேண்டும்" என்று லேப்டாப் பொதுவாகக் கூவும். ரவுட்டர் ஒன்றை நீட்டும். "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று லேப்டாப் சொல்ல, ரவுட்டர் உறுதி செய்யும். நான்கே செய்திகள். இதில் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. முகவரியை மறுபடி கேட்க வைக்கும் ரினியூ கட்டளை கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டிஎச்சிபி சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று கைவிரித்தது.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் நெட்வொர்க் ரீசெட். அதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. நெட்வொர்க் அடாப்டர்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும். விபிஎன் மென்பொருள் இருந்தால் அதையும் மறுபடி நிறுவ வேண்டி வரலாம். அதற்கு முன்னால் யார் பக்கம் கோளாறு என்று தெரிய வேண்டாமா? போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். உடனே முகவரி வந்தது. ஆக, லேப்டாப்புக்குக் கேட்கத் தெரிகிறது. அப்புறம் வீட்டு வைஃபையிலேயே, கையால் 192.168.1.240 என்று ஒரு முகவரியும், கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாக, ரவுட்டரின் 192.168.1.1-ம் போட்டேன். இணையம் ஓடியது! வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள், ரேடியோ எல்லாம் நலம்; முகவரி வாங்கும் இடத்தில் மட்டும்தான் தகராறு. (சோதித்த பிறகு அதை மறுபடி தானியங்கிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வேறு இடத்தில் லேப்டாப்பைத் திறக்கும்போது புதுத் தலைவலி.)

போன் ஓடுகிறது என்பதை வைத்து ரவுட்டர் சரி என்று சொல்லிவிட முடியாது. ரவுட்டர் முகவரியை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குத்தான் விடும். ஏற்கெனவே முகவரி வைத்திருக்கும் கருவி, குத்தகைக் காலம் பாதி கழிந்ததுமே அதைப் புதுப்பிக்கக் கேட்டுவிடும். வீட்டை விட்டுப் போகாத டிவியும் போனும் ஒரே எண்ணை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கலாம். கேட்க வேண்டியது புதிய ஆளை. அலமாரியில் வெகுநாளாகத் தூங்கிய பழைய டேப்லட்டை எழுப்பி இணைத்தேன். 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்ற வரியிலேயே நின்று, கடைசியில் கைவிட்டது. அதற்கும் இல்லை!

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி பகுதியைத் திறந்ததும் விடை கிடைத்தது. வரம்பு 192.168.1.100 முதல் 119 வரை. இருபதே முகவரிகள், குத்தகை 7 நாள். கீழே பட்டியலில் இருபதும் நிரம்பியிருந்தன. பல்புகளும் பிளக்குகளும் கேமராவும் ஆளுக்கொன்று எடுத்திருந்தன. மீதியில் பாதி, சில நாள் முன்பு வந்துபோன விருந்தினர்களின் போன்கள். ஆட்கள் கிளம்பியாயிற்று, எண்கள் மட்டும் அவர்கள் பெயரிலேயே கிடந்தன. அந்த நாட்களில் லேப்டாப் வீட்டில் இல்லை. அதன் குத்தகை முடிந்து, அதன் எண்ணும் வேறு யாருக்கோ போய்விட்டது.

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தாலே அன்றைக்குச் சரியாகியிருக்கும். பல வீட்டு ரவுட்டர்கள் அணைத்தால் இந்தப் பட்டியலை மறந்துவிடும். ஆனால் அடுத்த கூட்டம் வந்ததும் பழைய கதைதான். அதனால் குத்தகையை ஒரு நாளாகக் குறைத்து, வரம்பை விரித்தேன். 249 வரை இழுக்கத்தான் நினைத்தேன். ஆனால் பிரின்டருக்குக் கையால் 150 போட்டிருந்தது. அந்த எண்ணை ரவுட்டர் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். 149-லேயே நிறுத்தி, சேமித்துவிட்டு, லேப்டாப்பில் ரினியூ கொடுத்தேன். 192.168.1.120 வந்தது.