'ஹாட் பிரெட்' கடைக்குப் புதுப் போர்டு: சிட்னி வியட்நாமியப் பேக்கரி வேலையில் தெரிந்துகொண்டவை

மேற்குச் சிட்னியில் கேப்ரமட்டாவைச் சுற்றி வியட்நாமியக் குடும்பங்கள் நடத்தும் பேக்கரிகளில் பல, 'ஹாட் பிரெட்' என்ற பெயரோடுதான் நிற்கின்றன. வியட்நாம் போர் முடிந்த 1975க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் தொடங்கிய தொழில். காலையில் பை (pie), சாசேஜ் ரோல். மதியம் பான் மீ, அதாவது நீள ரொட்டியைப் பிளந்து இறைச்சியும் காயும் வைத்துத் தருவது. அதையும் ஊர்க்காரர்கள் 'போர்க் ரோல்' என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் கையில் கடை வந்ததும் புதுப் பெயரும் புதுப் போர்டும் புது உள்ளமைப்பும் வேண்டும் என்கிறார்கள். அப்படி ஒரு வேலையில் எது எங்கே இடறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

லோகோவைத் தொடும் முன் இரண்டு மதியம் கடைக்குள் நின்று பாருங்கள். "மூணு ரெண்டு, ஏழு ஒண்ணு, மிளகாய் வேணாம்" என்றுதான் ஆர்டர் வரும். மெனுவின் எண்கள்தான் அந்தக் கடையின் உண்மையான அடையாளம். மெனுவை அழகாக அடுக்குகிறேன் என்று எண்களை மாற்றினால், மதியக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தவறான ரொட்டி போகும். எண்களை அப்படியே விடுங்கள். நிறுத்திய பண்டத்தின் எண்ணையும் வேறெதற்கும் தராதீர்கள். 'போர்க் ரோல்' என்ற சொல்லும் போர்டில் சிறிதாகவாவது இருக்கட்டும்.

பெயரில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். தொழில் பெயரைப் பதிந்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, உரிமை தருவது வணிகச் சின்னப் பதிவு. ரொட்டிக்கு 30ஆம் வகுப்பு, உணவகச் சேவைக்கு 43ஆம் வகுப்பு. விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது ஏழரை மாதம் ஆகும். 'பான் மீ' என்ற பொதுச் சொல்லை மட்டும் வைத்துப் பதிவு வாங்க முடியாது. அதே பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் போர்டு அடிக்கக் கொடுக்காதீர்கள்.

அதிகம் கெடுவது எழுத்தில்தான். வியட்நாமிய மொழியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள், ஆனால் தொனியைக் காட்டும் குறி எழுத்தின் மேலும் கீழும் வரும். நமக்குப் புள்ளி விழுந்தால் 'கல்' 'கல' ஆகிவிடுவதைப் போல அங்கேயும் பொருள் மாறும். ஏறு குறியுடன் 'மா' என்றால் தென் வியட்நாமில் அம்மா. குறி விழுந்தால் பேய். கீழே புள்ளி வைத்தால் நாற்று. அம்மா பெயரில் கடை வைப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல.

சில உயிரெழுத்துகளுக்குத் தொப்பி வடிவக் குறியும் தொனிக்குறியும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பல அலங்கார ஃபான்ட்களில் அவை இருக்காது. கணினி அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறு ஃபான்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டுவிடும். திரையில் கண்ணுக்குத் தெரியாது, மூன்று மீட்டர் போர்டில் பல்லிளிக்கும். இந்த எழுத்துகளுக்கென்றே கவனமெடுத்து வரைந்த 'பி வியட்நாம் ப்ரோ' இலவசமாகவே கிடைக்கிறது. முழு மெனுவையும் தட்டிப் பார்த்த பிறகே ஃபான்டை முடிவு செய்யுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை வரைகோடாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். பழைய மெனுக் கோப்புகள் பெரும்பாலும் விஎன்ஐ என்ற பழைய வியட்நாமியக் குறியீட்டில் இருக்கும், ஃபான்டை மாற்றியதும் குப்பையாகத் தெரியும். வியட்நாமியத்தைத் தட்டச்சு செய்ய உதவும் யூனிகீ மென்பொருளிலேயே யூனிகோடுக்கு மாற்றும் கருவி உண்டு. மாற்றியதை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும்.

தனித்தனி எழுத்தாக ஒளிரும் போர்டு என்றால் குறிகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். பெரிய எழுத்தின் மேல் இரட்டைக் குறி வந்தால் எழுத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகக் கேட்கும். போர்டு அடிப்பவர் அதை நசுக்கித்தான் வரைவார். சின்னக் குறிக்குள் எல்இடி வில்லை நுழையாது. ஒற்றை ஆணியில் தொங்கும் குறி காற்றில் திரும்பிக்கொள்ளும். இரண்டு ஆணி கேளுங்கள். குறிகள் அதிகமுள்ள பெயருக்கு ஒளிப்பெட்டிதான் எங்கள் தேர்வு. மூங்கில் எழுத்தும் கூம்புத் தொப்பியும் வேண்டவே வேண்டாம். சிவப்பில் மஞ்சள் நட்சத்திரமும் கூடாது: அது இன்றைய ஹனோய் அரசின் கொடி. படகேறி வந்த தலைமுறை தன்னுடையது என்று சொல்வது மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட பழைய தென் வியட்நாம் கொடியை.

கவுண்டரைக் கை போகும் வரிசையில் அமையுங்கள்: ரொட்டி, பிளக்கும் இடம், முட்டை வெண்ணெய் (பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்த மயோனைஸ்), பாட்டே (ஈரல் விழுது), இறைச்சி, கேரட் முள்ளங்கி ஊறுகாய், வெள்ளரி, கொத்தமல்லி, மிளகாய், சோயா, தாள், கல்லா. பாட்டே குளிரில் இறுகும், தடவ வராது. அதனால் வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள், பரிசோதகர் வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது சட்டம். வெளியே இருந்த மொத்த நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் திரும்பக் குளிரில் வைக்கலாம், நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் கொட்ட வேண்டும். எனவே பெரிய தட்டு ஒன்றுக்குப் பதில் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம். பச்சை முட்டை வெண்ணெயால் சால்மோனெல்லா வந்த வரலாறு நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. கையால் அடிப்பதை விட மனமில்லாத குடும்பமென்றால், அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) 4.2க்குக் கீழே இருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒரு மேசையும் பதிவேடும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கைகழுவும் தொட்டி, திறந்த உணவைக் கையாளும் இடத்திலிருந்து 5 மீட்டருக்குள்.

ரொட்டியை மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அழகுதான், ஆனால் சூட்டின் ஆவி வெளியேறாமல் மேலோடு நமத்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் காற்றோடும் கம்பிக் கூடைகளே சரி. மாவுத் தூசியும் ரொட்டித் தூளும் குளிர்பெட்டியின் அடியிலுள்ள, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரை அடைத்துவிடும். மேலே கண்டென்சர் உள்ள பெட்டியாக வாங்குங்கள். விளக்கு இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின், நிறத் துல்லியம் (CRI) 90க்கு மேல். வெள்ளை டியூப்லைட்டின் கீழே நல்ல ரொட்டியும் சாம்பல் பூத்துத் தெரியும்.

அடுப்பை நகர்த்தும் எண்ணத்தை விடுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பும் புகைபோக்கியும் சேர்ந்தால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். விடியுமுன் மாவு பிசைவார்கள். ஆகவே கடை மூடியதிலிருந்து நள்ளிரவு வரைதான் தச்சருக்கு நேரம். டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சுத்தியல் எடுக்கவே கூடாது.

வரைபடத்தில் கட்டாயம் விட்டுப்போவது ஒன்று உண்டு: நிலத்தின் தெய்வம் ஓங் தியாவுக்கும் செல்வத்தின் தெய்வம் தான் தாய்க்கும் வைக்கும் மாடம். வாசலைப் பார்த்தபடி தரையில்தான் வைப்பார்கள், அலமாரியில் ஏற்ற ஒப்பமாட்டார்கள். அதற்கொரு பிளக் பாயிண்ட், துடைக்க எளிதான தளம், உணவுக் கவுண்டரிலிருந்து தள்ளிய மூலை, ஊதுபத்திப் புகை நேரே ஏறாத இடத்தில் புகை அலாரம் எல்லாம் வேண்டும். திறப்பு நாளை நாள்காட்டி பார்த்துப் பாட்டி சொல்வார். அதை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, போர்டு வேலையை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.