ஃபசோலாதா: பீன்ஸ் வேகும்வரை தக்காளியைத் தொடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் சூப் என்றாலே மிளகும் சோம்பும் தூக்கலான ஆட்டுக்கால் சூப்தான். ஓட்டலில் கேட்டால் கார்ன்ஃப்ளார் கரைத்த கொழகொழப்பு வரும். கிரேக்கர்களின் ஃபசோலாதா இந்த இரண்டிலும் சேராது. வெள்ளை பீன்ஸ், வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். கறி கிடையாது, பால் கிடையாது. ஆனாலும் ஒரு கிண்ணம் உள்ளே போனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

மளிகைக் கடையில் வெள்ளை ராஜ்மா என்று கேளுங்கள். நாலு பேருக்கு 250 கிராம். காய்ந்த பட்டர் பீன்ஸும் நன்றாக வரும். வீட்டில் மொச்சை இருக்கிறதே என்று தோன்றும். அதன் தோல் தடிப்பு, ஊறவைத்துப் பிதுக்கினால்தான் சரிப்படும். வெள்ளைக் காராமணியில் செய்வதானால் தயங்க வேண்டாம். ராஜ்மா வகையெல்லாம் 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை. காராமணி அதற்கு முன்பே அங்கே இருந்தது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கல்லுப்பைக் கரைத்து பீன்ஸை ஊறவையுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊறும்போது போடும் உப்பு நேர்மாறான வேலை செய்கிறது: தோலை இறுக்கிப் பிடிக்கும் கால்சியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்கார, தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகும். நேரம் 8 முதல் 10 மணி. சித்திரை, வைகாசியில் ராத்திரி முழுக்க அடுப்படியில் வைத்தால் காலையில் நுரை கட்டிப் புளிவாடை அடிக்கும். அந்த மாதங்களில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டி, பீன்ஸை அலசி, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். இதைத் தாண்டிப் போகக் கூடாது. ராஜ்மா இனத்தில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. சிவப்பில் அதிகம், வெள்ளையில் குறைவு. முழுக் கொதியில்தான் அது அழியும். கொதி வராத இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்த பீன்ஸைச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான்.

பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, சிறு தீயில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். குக்கர் என்றால் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம், ஆவி தானாக அடங்க வேண்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே பீன்ஸ் குபுகுபுவென்று கொதித்துத் தோல் கழன்றுவிடும். வெந்ததா என்று பார்க்க ஒன்றை மட்டும் எடுத்து நசுக்கினால் போதாது. ஐந்தை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். ஒன்றில் மாவு நறநறத்தாலும் இன்னும் வேக வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஆகியும் கல்லாகவே இருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சரக்கு பழசு, அல்லது போர்வெல் தண்ணீர் கடினம், அதாவது கால்சியம் கூடியது. தண்ணீர்தான் என்றால் கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை. பழைய சரக்குக்கு மருந்தே இல்லை. அதைக் குழம்பில் போட்டாலும் வேகாது.

பீன்ஸ் வெந்த பிறகுதான் காய். பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, இலையோடு செலரித் தண்டு இரண்டு, பூண்டு மூன்று பல், எல்லாம் பொடியாக. 60 மில்லி எண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. 20 நிமிடம் கழித்துத் தோல் நீக்கி மசித்த தக்காளி 200 கிராம், இன்னும் 20 நிமிடம். தக்காளி முன்னாலேயே விழுந்தால் அதன் புளிப்பு பீன்ஸை இறுக்கிவிடும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் வீண். மொச்சைப் புளிக்குழம்பு வைப்பவர்களுக்கு இது புதிதல்ல; புளியைக் கரைத்து ஊற்றுவது எப்போதும் மொச்சை வெந்த பிறகுதானே.

செலரி இங்கே எளிதில் கிடைக்காது. கொத்தமல்லித் தண்டு போட்டால் உருவம் வரும், மணம் வராது. வீட்டுத் தொட்டியில் ஓமவல்லி இருந்தால் ஒரே ஒரு இலை. பீட்சாவில் தூவும் ஆரிகனோ இலையின் மணத்துக்குப் பக்கத்தில் வரும், இரண்டானால் கஷாயம். பிரியாணி இலை வேண்டவே வேண்டாம். ஐரோப்பியர் போடும் இலை வேறு. நம்முடையது பட்டையின் உறவு, சூப்பைப் பிரியாணிப் பக்கம் இழுத்துவிடும். சோம்பு டப்பா பக்கம் கை தானாகப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுப் பரணில் கிடக்கும், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த எனாமல் சட்டியில் ஐரோப்பிய சூப் வைக்க ஆசை வரும். பழைய எனாமல் நிறங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும், தக்காளிப் புளிப்பு அதைக் கரைத்தெடுக்கும். அது அலமாரிக்கு. சமைக்க அடிகனமான எவர்சில்வர் அல்லது பழகிய மண்சட்டி.

கெட்டிப்பட மாவு எதுவும் வேண்டாம். ஒரு கரண்டி பீன்ஸைத் தனியே எடுத்து மத்தால் கடைந்து திரும்ப ஊற்றி, மேலும் 40 மில்லி எண்ணெய் விட்டு 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். மேலே மஞ்சளாக மிதந்த எண்ணெய் மாவோடு கலந்து காணாமல் போகும். சாறு பால்போல் கலங்கி, கரண்டியின் முதுகில் ஒட்டும். இன்னும் எண்ணெய் தனியாக மிதந்தால் கொதி போதவில்லை. முதல் எண்ணெய்க்குச் செக்குக் கடலெண்ணெய் பரவாயில்லை, கடைசி 40 மில்லி ஆலிவாகவே இருக்கட்டும். நல்லெண்ணெய் விட்டால் நல்லெண்ணெய் மட்டும்தான் மணக்கும்.

அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடி வைத்துப் பிறகு பரிமாறுங்கள். மேலே மிளகுத்தூள், பக்கத்தில் பச்சை வெங்காயத் துண்டு. பேக்கரி ரொட்டி இனிப்பாக இருந்தால் ஒத்துப்போகாது, அதற்குக் கல்தோசை மேல். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் களிபோல் இறுகியிருக்கும். பச்சைத் தண்ணீர் விடாமல், அரை டம்ளர் கொதித்த தண்ணீர் விட்டுச் சூடாக்கி, உப்பு பாருங்கள்.