டெஸ்ட் இல்லாத திருத்தத்தை மெர்ஜ் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம்

டெல்டா ஊர்ப்பெயர்களைத் தேடித் தரும் ஒரு சின்ன பைத்தான் நூலகத்தை (பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு) சிலர் சேர்ந்து எழுதிவருகிறோம். நான் கும்பகோணம், மற்றவர்கள் மன்னார்குடி, சீர்காழிப் பக்கம். திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்; சம்பளம் கிடையாது. குறுவை நடவு தொடங்கிவிட்டால் நிலம் உள்ளவர்கள் கணினிப் பக்கமே வரமாட்டார்கள், அப்படி ஒரு நேரத்தில்தான் புதியவர் ஒருவரின் திருத்தம் மெர்ஜ் ஆகி, அதாவது நூலகத்துக்குள் சேர்க்கப்பட்டு, கும்பகோணம் என்று தேடினால் சில கோப்புகளில் ஒன்றுமே வராமல் போனது.

காரணம் யூனிகோட், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண் குறியீடுகளாக வைக்கும் முறை. 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு (ே), கால் (ா) என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் கும்பகோணம் முதல் வகையில் 10 குறியீடு, இரண்டாவதில் 11 (நமக்கு 6 எழுத்து). இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவரும் வரியைத் திருத்தம் நீக்கியிருந்தது. அனுப்பியவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வரி ஏன் இருக்கிறது என்று தெரிந்தவர் வயலில் இருந்தார், வேறெங்கும் அது எழுதப்படவில்லை. ஒரு டெஸ்ட், அதாவது நிரல் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சின்ன நிரல், இருந்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

யூனிட் டெஸ்ட் (நிரலின் சின்னப் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது) கட்டாயம் என்பதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். எதில் எழுதுவது என்பதில்தான் இழுபறி. பைத்தானுடனே வரும் யூனிட்டெஸ்ட் என்ற கருவி போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம் என்றார் மூத்தவர் ஒருவர். நியாயமான வாதம்தான். நான் தனியாக நிறுவ வேண்டிய பைடெஸ்ட் என்ற கருவியின் பக்கம் நின்றேன். கிளாஸ் எழுத வேண்டாம், வெறும் அசெர்ட் (விடை இதுதானா என்று பார்க்கும் வரி) போதும், முக்கியமாக பாரமெட்ரைஸ் இருக்கிறது: உள்ளீடும் எதிர்பார்க்கும் விடையும் பட்டியலாக இருக்கும், வரிக்கு வரி தனி டெஸ்டாக ஓடும். யூனிட்டெஸ்டிலும் இதுபோல சப்டெஸ்ட் உண்டு, ஆனால் அதற்கு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்) எழுதத் தெரிய வேண்டும்.

எங்கள் குழுவில் ஊர்களை நன்றாக அறிந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், நிரல் எழுதுபவர் அல்ல. "தம்பி, இந்தப் பட்டியல்ல ஒரு வரி சேர்த்தா போதுமா?" என்று கேட்டு, ஸ்ரீவாஞ்சியத்தை ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று என இரண்டு வரியாகச் சேர்த்தார். இரண்டாவது வரி உடனே ஃபெயில் ஆனது, ஏனென்றால் என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்காது, தனியாக மாற்ற வேண்டும். அப்புறம் சீர்காழிக்கு மாவட்டம் மயிலாடுதுறை என்று ஒரு வரி. 2020க்கு முந்தைய கோப்புகளில் அது நாகப்பட்டினமாகவே இருந்தது. அதோடு விவாதம் முடிந்தது. பழைய டெஸ்டுகளையும் பைடெஸ்ட் அப்படியே ஓட்டும் என்பதால் மூத்தவர் எழுதிய எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கவரேஜ் (டெஸ்டுகள் நிரலில் எவ்வளவை ஓட்டிப் பார்க்கின்றன என்ற அளவு) இத்தனை சதவீதம் வேண்டும் என்று வைக்கவில்லை, வைத்தால் எண்ணுக்காக எழுதுவார்கள். பிழையைத் திருத்தினால், திருத்தம் இல்லாமல் ஓட்டும்போது ஃபெயில் ஆகிற ஒரு டெஸ்ட் கூடவே வர வேண்டும், அவ்வளவுதான். ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்துபவருக்கு இது பொருந்தாது. நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் டெஸ்ட் பாஸ் ஆகாமல் மெர்ஜ் ஆகாதபடி பூட்டியாகிவிட்டது. முதல்முறை அனுப்புகிறவர் டெஸ்ட் இல்லாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பாமல், எங்களில் ஒருவர் அவரோடு உட்கார்ந்து அந்த முதல் டெஸ்டை எழுதுகிறோம்.